சவளக்கடைச் சந்தியில் முந்நூற்று நாலு

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சவளக்கடைக்குச் செல்லும் பாதை வயல்களின் நடுவே போகின்றது. இடையிலே கிட்டங்கித் தாம்போதி. மாரிக் காலத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால், நீர் தாம்போதியின்மேல் ஏறிப் பாயும். அக்கரையிலுள்ளவர் அக்கரையிலும் இக்கரையிலுள்ளவர் இக்கரையிலும் இருக்கவேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் நாம் அவ்வாறு அகப்பட்டுக்கொண்டோம். காலையில் கணுக்காலளவு நீரைக் கடந்து வந்த நமக்குப் பிற்பகலில் திரும்ப வழியில்லை. உழவு இயந்திரம் வந்தால் அதன் பெட்டியில் ஏறிப் போகலாம் என்றார்கள்.

சந்தியிலிருந்த தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். தாழ்வாரத்தில் உரப்பை ஒன்றை விரித்து, நால்வர் சீட்டாடிக்கொண்டிருந்தனர். இருவர் முஸ்லிம்கள், இருவர் தமிழர். மூத்தவர் மருதமுனையைச் சேர்ந்தவர். அவருடைய வயல் இப்பக்கத்தில். அவருக்கு எதிரே, அவருடைய கூட்டாளியாக, அன்னமலைக் கமக்காரர் ஒருவர் இருந்தார். நாம் நெருங்கியதும் பெரியவர் சற்றே சங்கடப்பட்டார். "காசுக்கு இல்ல மகன். காசு வெச்சா நான் எழும்பிப் போயிருவன்" என்றார். காசில்லாச் சீட்டையும் விரும்பாதோர் அவரது ஊரில் உண்டு. பக்கத்தில் கிடந்த புளியங்கொட்டைகள்தாம் அவர்களுடைய கணக்குப் புத்தகம்.

ஆட்டம் முந்நூற்று நாலு. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் இதை அறியாதார் குறைவு. எனினும் இளம் மாணவர் சிலருக்குப் புதிதாயிருக்கக்கூடும். சீட்டுக் கட்டில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை ஒதுக்கினால் 32 சீட்டு எஞ்சும். இங்கே அரசனுக்கு மதிப்பில்லை! ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. பாவம், அரசனுக்கு மூன்றே மூன்று, அரசிக்கு இரண்டு. எட்டும் ஏழும் வெறுங்கை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் கூட்டினால் 304. எதிரெதிரே இருப்பவர் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டே கிடைக்கும். அந்த நான்கை மாத்திரம் பார்த்து, "இத்தனை எடுப்போம்" என்று 160 முதல் கேட்கத் தொடங்கவேண்டும். மற்ற நான்கும் பின்னரே வரும்.

இதனைப் பெரியவர் விளக்கியவிதம் எந்த நூலிலும் வராது. "வெதைக்கிற மாதிரித்தான் மகன். பாதி தெரியும், பாதி தெரியாது. ஆனாக் கேக்காம இருக்கேலாது" என்றார். பெரும்போகத்துக்கு அவர் விதைத்த பயிர் அன்று இரண்டாவது நாளாக நீருக்குள் கிடந்தது. நீர் வற்றினால் தப்பும். இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். அதைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

உயரக் கேட்டவர் துரும்பைத் தெரிவுசெய்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனமென்று கூட்டாளிக்குக்கூடச் சொல்லலாகாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்பு வைத்தவர் அதைப் புரட்டிப் பார்த்து, துரும்பானால் வெளிப்படுத்துவார்; அன்றேல் அது கவிழ்ந்தபடியே கிடக்கும். ஆகவே கூட்டாளி விடும் சீட்டிலிருந்தே அவன் மனத்தை அறியவேண்டும். கண் சிமிட்டுவதும் கனைப்பதும் கள்ளம். நல்ல ஆட்டக்காரர் கல்லைப்போல் இருப்பர்.

இஸ்கோப்பன், கலாவரை என்று அவர்கள் சொல்லக் கேட்டபோது நமக்கு ஒல்லாந்தர் நினைவு வந்தது. 1658 முதல் 1796 வரை இக்கரையோரங்களை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் அவை. ஒல்லாந்து நாட்டுக் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பினத்தில் ஜாக்கும் ஒன்பதுமே தலையானவை. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற இந்தியரின் வழிவந்தோர் அங்கே 'துனி' என்றோர் ஆட்டம் ஆடுகின்றனர். 24 சீட்டே வைத்து ஆடினாலும் மொத்தம் அதே 304தான். ஆண்டவர்கள் போய்விட்டனர், சீட்டுக் கணக்கு கடல் கடந்தும் நிலைத்திருக்கின்றது.

"இருவரும் நெடுநாட் கூட்டாளிகளோ?" என்று வினவினோம். அன்னமலைக்காரர்தாம் பதில் சொன்னார். சிறுவயது முதற் பழக்கமாம். ஆனால் 1990இல், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ நேர்ந்த அந்தக் கொடிய ஆண்டில், பாதை மூடியது. பெரியவர் தம் வயலுக்கே வரவில்லை. இவரும் கல்முனைப் பக்கம் போகவில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் ஒரு நாள் பெரியவர் இதே சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கினார். "நான் என்ன கதைக்கிறதெண்டு தெரியாம நிண்டன். காக்காதான் சீட்டுக் கட்டு இருக்கா எண்டு கேட்டார்" என்றார் அவர்.

"இவன்ட இறக்கம் அப்பவும் மாறல்ல" என்று பெரியவர் குறுக்கிட்டார். அது புகழ்ச்சியோ குற்றச்சாட்டோ, நமக்கு விளங்கவில்லை.

அடுத்த கைக்குப் பெரியவர் 160 என்றார். எதிர்க்கட்சி 170 என்றது. தம் நான்கு சீட்டையும் மீண்டும் ஒருமுறை விரித்துப் பார்த்தவர், 180 என்று கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். மூன்று பிடி முடிந்திருக்கும்; மேற்கேயிருந்து உழவு இயந்திரத்தின் ஓசை கேட்டது. எல்லோரும் எழுந்தனர்.

"கலாவரைதானே, காக்கா?" என்றார் அன்னமலைக்காரர்.

பெரியவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை. கவிழ்ந்திருந்த சீட்டைப் புரட்டாமலே கட்டுக்குள் செருகி, கட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நம்முடன் பெட்டியில் ஏறினார். தாம்போதியைக் கடக்கும்வரை அவர் கண்கள் வயற்பக்கமே இருந்தன.