அடுத்த நோயாளியின் மேல் விழும் அடி

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை ஓர் இளைஞர் கத்தியால் பலமுறை குத்தினார். தன் தாய்க்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்ற கோபம். மருத்துவர் உயிர் பிழைத்தார். அந்த வாரம் போன இடத்திலெல்லாம் இதே பேச்சு. குத்தியது தப்புதான், ஆனாலும் பெற்றவள் படும் பாட்டைப் பார்க்கும் பிள்ளைக்கு ஆத்திரம் வராதா என்று கேட்டவர்கள் பலர். வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆத்திரம் கடைசியில் யாரைப் போய்ச் சேர்கிறது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்றாண்டுக்குக் குறையாமல், பத்தாண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 2012 ஜனவரியில், தூத்துக்குடியில் மயக்க மருந்து நிபுணரான ஒரு பெண் மருத்துவர் தம் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கர்ப்பிணி மனைவி இறந்த ஆத்திரத்தில் நடந்த கொலை அது. சட்டம் வேண்டும்; அது கடுமையாகவும் இருக்க வேண்டும். ஆனால் மனைவியைப் பறிகொடுத்து நிற்பவன் சட்டப் பிரிவை எண்ணிப் பார்த்துக் கை ஓங்குவதில்லை. அவன் அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியவை பல உண்டு.

சொந்தபந்தத்தில் யார் படுத்தாலும் துணைக்கு ஆஸ்பத்திரியில் உட்காருவது என் வழக்கம். அங்கே அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை, "நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு, ஒரு ஊசி போட்டாங்க, உயிர் போயிடுச்சு" என்பது. நெஞ்சடைத்து வருபவருக்கும் மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவருக்கும் உயிரைக் காக்கும் முயற்சியாகத்தான் அவசர ஊசிகளைப் போடுகிறார்கள். உயிரைப் பிடித்து நிறுத்தப் போட்ட ஊசியே உயிரைக் குடித்ததாக வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவர் வெளியே வந்து சொல்லியிருந்தால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். சொல்ல ஆள் இருப்பதில்லை. ஒரே டியூட்டி டாக்டர். அவர் கை நோயாளியின் நெஞ்சில் இருக்கிறது.

அடி யார் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். படுக்கை போதாததற்கும் ஸ்கேனுக்குக் காத்திருக்க வைப்பதற்கும் காரணமானவர்கள் அந்த வார்டில் இல்லை. தனியார் மருத்துவமனை என்றால் பில் தொகையை நிர்ணயிப்பவர் வேறெங்கோ அமர்ந்திருக்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் போய், ஆளும் போன வேதனையில் இருப்பவன் கண்ணுக்குப் படுவது, முந்தின நாள் காலையிலிருந்து உறங்காமல் நிற்கும் பயிற்சி மருத்துவர்தான். 2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் இருபத்து மூன்று வயதுப் பெண் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டார். காயத்துக்குக் கட்டுப் போடப் போலீசார் அழைத்து வந்த ஆளே அவரைக் குத்தினார். அந்தப் பெண்ணின் மேல் எந்தச் சிகிச்சைக் குறையும் இல்லை; பாதுகாப்பில்லாத இடத்தில் கடமையைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இதன் விலையைக் கொடுப்பவர் யார்? ஊரில் ஒரு மருத்துவர் அடிபட்டால், அங்குள்ள சிறிய மருத்துவமனைகள் சிக்கலான பிரசவத்தையும் நெஞ்சுவலியையும் தொடவே தயங்குகின்றன. "இங்கே வசதியில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். துணிந்து சிகிச்சை செய்தால் பிழைக்கக்கூடிய உயிர், ஆம்புலன்ஸில் போகும் வழியில் போய்விடுகிறது. யாரோ ஒருவர் ஓங்கிய கை, அடுத்து வந்த ஏழைத் தாயின் மேல் விழுந்துவிட்டது. அவளுக்கும் அந்தத் தகராறுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மருத்துவர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. அலட்சியத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. அதைக் கேட்க வழி இருக்கிறது. நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். இவை மெதுவாக நகரும் வழிகள்தான். அது எனக்கும் வருத்தமே. ஆனால் கை நீட்டியவனின் வழக்கு அன்றே திசை மாறிவிடுகிறது. அதன்பின் அவன் குற்றவாளி. அவன் தாய்க்கு நடந்த சிகிச்சை சரியா என்று கேட்பார் யாருமில்லை.

குடும்பத்தாருக்கு நான் சொல்வது இதுதான். நோயாளியைச் சேர்த்த அன்றே, மருத்துவரிடம் பேச ஒருவரை மட்டும் நியமித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் பத்து விதமாய்க் கேட்டால் பத்து விதமாய்த்தான் காதில் விழும். என்ன நோய், எவ்வளவு ஆபத்து, எவ்வளவு செலவு ஆகும், இங்கேயே வைத்துப் பார்க்க முடியுமா என்ற நான்கையும் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். குடித்துவிட்டு வரும் உறவினரை வார்டு வாசலிலேயே நிறுத்துங்கள்.

இளம் மருத்துவர்களே, உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கெட்ட செய்தியை நடந்துகொண்டே சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, அவர்கள் பேசும் தமிழில் சொல்லுங்கள். பிழைப்பது கடினம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அரசும் நிர்வாகமும் வாசலில் காவலர் போட்டதோடு கடமை தீர்ந்தது என்று இருக்கக் கூடாது. இரவுப் பணிக்குப் போதிய மருத்துவர்களும், உறவினர்களுக்கு நிலைமையைச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களும் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேண்டும்.

துக்கம் நடந்த அந்த நிமிடத்தில் இவர்கள் எவராலும் ஆகாத ஒரு வேலை குடும்பத்துக்கு இருக்கிறது. கொதித்து நிற்கும் தம்பியின் தோளை அணைத்து வெளியே கூட்டி வந்து, "முதல்ல அழுடா, மத்ததை நாளைக்குக் கேட்போம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.