டிஃப்யூசரில் எந்த வாசனை?

கீழ் கோத்தகிரியில் மழையும் பனியும் சேர்ந்துவிட்டால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஈரவாடை போக டிஃப்யூசர் வாங்குபவர்கள் முதலில் ஊற்றுவது நீலகிரி தைலம்தான். பெயர்தான் நீலகிரி, மரம் என்னவோ ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1843-ல்தான் இந்த மலைக்கு வந்தது. இலையை நீராவியில் காய்ச்சி எண்ணெய் இறக்குகிறார்கள்.

அதன் காரத்துக்குக் காரணம் சினியோல். பெரியவர்களுக்கு மூக்கடைப்பு விட்டதுபோல இருக்கும். ஆனால் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் சில மில்லியே வலிப்பு வரை கொண்டுபோகும். பூனைக்கும் ஆகாது. குழந்தை இருக்கும் வீட்டில் பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், டிஃப்யூசர் ஓய்வெடுக்கட்டும்.

வின்டர்கிரீன் எண்ணெயும் வேண்டாம். அது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட்; மூட்டுவலித் தைலங்களில் சேர்ப்பது.

மற்றவர்களுக்கு ரோஜா சாயலில் ஜெரேனியம், இல்லையென்றால் எலுமிச்சைப்புல். 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு, அரை மணி நேரம், கதவு கொஞ்சம் திறந்து. அது போதும். தலை வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வெயில் வந்துவிட்டதா? ஜன்னலைத் திறந்து வையுங்கள். தேயிலை ஃபேக்டரி வாசனை இலவசம்!