பந்தாட்டம் பார்க்கப் போனோம்!

“பேஸ்பால் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் உங்களில் பலர் உதட்டைப் பிதுக்குவீர்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடை வரையில் நானும் உங்கள் கட்சிதான்! அந்த ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே கேரி என்னும் ஊரில் என் கல்லூரிச் சிநேகிதிகள் மூவர் குடியிருக்கிறார்கள். “மூன்று நாள் லீவு போட்டிருக்கிறோம். காரில் ஊர் ஊராகப் போய்ப் பேஸ்பால் பார்க்கப் போகிறோம், கிளம்பு!” என்று அவர்கள் சொன்னபோது நான் விழித்த விழிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காரை ஓட்டியவளுக்குச் ‘சாரதி’ என்று பட்டம் சூட்டினோம். பணப்பை வைத்திருந்தவள் ‘பொக்கிஷம்.’ மூன்றாமவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயே திறக்காமல் வந்ததால் ‘மௌனசாமி.’ அவள் மௌனத்துக்குக் காரணம் உண்டு. சென்னையில் இருக்கும் தம்பியை அவள்தான் படிக்க வைத்தாள். சி. ஏ. கடைசிப் பரீட்சையில் அவன் மூன்றாம் முறையும் தேறவில்லை. “இனி எழுதப் போவதில்லை, அக்கா” என்று சொல்லிவிட்டான். அன்று முதல் நான்கு மாதமாக இவள் அவனோடு பேசவில்லை.

நாங்கள் பார்க்கப் போனது பெரிய நகரங்களில் கோடீசுவர வீரர்கள் ஆடும் ஆட்டமல்ல. ‘மேஜர் லீக்’ எனப்படும் அந்த முப்பது குழுக்களுக்குக் கீழே ‘மைனர் லீக்’ குழுக்கள் இருக்கின்றன. 2021-இல் திருத்தி அமைத்த பிறகு அவை 120 குழுக்கள், நான்கு படிகள். கொலுப்படி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கீழ்ப்படியில் நன்றாக ஆடும் பையன் அடுத்த படிக்கு ஏறுவான். சரியாக ஆடாவிட்டால் ஒரு நாள் கூப்பிட்டு, “போய் வா, தம்பி” என்று சொல்லிவிடுவார்கள். உச்சிப்படியையும் தாண்டி மேஜர் லீகில் கால் வைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

முதல் நாள் மாலை டர்ஹாம். ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர்போன ஊர். இங்கே ஆடும் ‘டர்ஹாம் புல்ஸ்’ மேல்படிக் குழு. 1988-இல் வந்த ‘புல் டர்ஹாம்’ என்ற சினிமாவால் உலகமெல்லாம் பெயர் பெற்றது. மைதானத்துச் சுவரின் மேல் பிரம்மாண்டமான ஒரு காளை நிற்கிறது. பந்தைக் காளை மேல் அடித்தால் மாட்டிறைச்சி விருந்து, அதன் காலடியில் உள்ள புல்லின் மேல் அடித்தால் காய்கறி சாலட் என்று அதில் எழுதியிருக்கிறது. “நான் ஆடினால் புல்லைப் பார்த்துத்தான் அடிப்பேன்” என்றாள் பொக்கிஷம். அவள் சுத்த சைவம்!

ஆட்டம் புரிவது கஷ்டமில்லை. கிரிக்கெட் போலப் பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை, நேரே பாய்ந்து வருகிறது. உருட்டுக்கட்டை போன்ற மட்டையால் அதை விளாச வேண்டும். மூன்று முறை தவறவிட்டால் ஆள் அவுட். அடித்தவன் நான்கு மூலைகளையும் தொட்டுச் சுற்றிவர வேண்டும். கடைசி மூலைக்கு ‘ஹோம்’, அதாவது ‘வீடு’ என்றே பெயர். ஊர்ப் பையன் ஒருவன் பந்தைச் சுவருக்கு அப்பால் பறக்கவிட்டான். உடனே காளையின் கண் சிவந்தது, மூக்கிலிருந்து புகை வந்தது, வாலும் ஆடியது! குழந்தைகளைவிட நாங்கள்தான் அதிகம் கூவினோம்.

மறுநாள் மேற்கே சுமார் 55 மைல் போய்க் கிரீன்ஸ்பரோ. குழுவின் பெயர் ‘கிராஸ்ஹாப்பர்ஸ்’, அதாவது வெட்டுக்கிளிகள். 2006 முதல் 2015 வரை இங்கே ‘மிஸ் பேப் ரூத்’ என்ற கறுப்பு லாப்ரடார் நாய் உத்தியோகம் பார்த்ததாம். ஆட்டக்காரன் கீழே போட்ட மட்டையை ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருவதுதான் வேலை. ஏழாவது சுற்றின் நடுவே ஜனங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, 1908-இல் எழுதப்பட்ட ஒரு பேஸ்பால் பாட்டைப் பாடுகிறார்கள். நாங்களும் வாயசைத்து வைத்தோம்.

மூன்றாம் நாள் நீண்ட ஓட்டம். காரில் புளியோதரைப் பொட்டலம் பிரிந்தது. “இந்தப் பையன்களுக்குச் சம்பளம் என்ன?” என்று பொக்கிஷம் விசாரித்தாள். 2022-இல் அவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி கீழ்ப்படி வீரரின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலர் ஆயிற்று. மேல்படியில் 17,500 டாலர் 35,800 ஆயிற்று. “இதை நம்பியா உயிரை விடுகிறார்கள்?” என்றாள் மௌனசாமி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மாலையில் ஆஷ்வில் சேர்ந்தோம். நீலமலைத் தொடரின் நடுவே குளுகுளு ஊர். 1924-இல் திறந்த மெக்கார்மிக் மைதானத்தில் பேப் ரூத் போன்ற ஜாம்பவான்களே வந்து ஆடியிருக்கிறார்கள். சொந்த ஊர்க் குழுவின் பெயரோ ‘டூரிஸ்ட்ஸ்’! சுவருக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த குன்று இருட்டிக்கொண்டு வந்தது.

அன்று ஊர்ப் பையன் ஒருவன் மூன்று முறை ஆட வந்து மூன்று முறையும் வெறுங்கையாய்த் திரும்பினான். எங்கள் பக்கத்தில் இருந்த வெள்ளைத் தலைப் பாட்டியம்மாள் மட்டும் ஒவ்வொரு முறையும் கை தட்டினாள். “உங்கள் பேரனா?” என்று சாரதி கேட்டாள். “இல்லை, ஆனால் எல்லோரும் என் பையன்கள்தான்” என்று சிரித்தாள் பாட்டி.

2022 முதல் குழுக்களே வீரர்களுக்கு வீடு தருகின்றன. அதற்கு முன்பு பல ஊர்களில் குடும்பங்கள்தான் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து வந்தன. இந்தப் பாட்டி வீட்டு மாடி அறையில் பதினோரு பையன்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவன்தான் மேஜர் லீக் போனானாம்.

“மற்ற பத்துப் பேர்?” என்று கேட்டவள் மௌனசாமி!

“ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவன் டயர்க் கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கடிதம் போடுவார்கள். குழுவிலிருந்து அனுப்பிவிட்ட அன்று ராத்திரி எந்தப் பையனும் சாப்பிட மாட்டான், அம்மா. நான் புத்தி சொல்ல மாட்டேன். தட்டை எடுத்து வைத்துப் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான்.”

கடைசிச் சுற்றில் அதே பையன் மறுபடி வந்தான். கதையாக இருந்தால் பந்து குன்றைத் தாண்டியிருக்கும். அன்று அப்படி நடக்கவில்லை. நான்காம் முறையும் தோற்றுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். பாட்டி எழுந்து நின்று கை தட்டினாள். கூடவே இன்னொருத்தியும் எழுந்து தட்டினாள். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அறைக்குத் திரும்பியபோது மணி பத்தரை. சென்னையில் காலை எட்டு. மௌனசாமி வராந்தாவுக்குப் போய் டெலிபோனை எடுத்தாள். பரீட்சையைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“டிபன் சாப்பிட்டாயாடா?”

அந்தப் பக்கம் வெகுநேரம் பதில் வரவில்லை போலிருக்கிறது. அவளும் டெலிபோனை வைக்கவில்லை.

மறுநாள் கேரி திரும்பும் வரை வழியெல்லாம் பேசித் தீர்த்துவிட்டாள். ‘மௌனசாமி’ப் பட்டத்தைப் பாதி வழியிலேயே பறித்துக்கொண்டோம்.