லப்டொப்புக்குள்ள என்னத்தைப் போடுறது?

பேராதனையில் கலைப்பீடம் மகாவலிக்கு இந்தப் பக்கம், பொறியியல் பீடம் அந்தப் பக்கம். இடையில் அக்பர் பாலம். ஊரில் ஒன்றாகப் படித்த நாங்கள் இப்போது இரண்டு கரையிலும் இருப்பதால், ஒவ்வொரு புது பட்ச் வரும்போதும் எங்கள் காதிலும் அதே கேள்விதான் விழும்: "விண்டோஸா, லினக்ஸா? காசு கொஞ்சம் கூடப் போட்டு மக் எடுக்கலாமா?"

ஆர்ட்ஸ்காரருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். அந்த லப்டொப்புக்குக் காசு குடுக்கிறது எங்கட வீடு மாதிரியான வீடுகள்தான். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும், இல்லாட்டி வெளிநாட்டு மாமாவுக்குக் கோல் போகும். கம்பஸ் முடியும்வரை அந்த ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், அங்கே முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவான படிப்பு. சிவிலா, மெக்கானிக்கலா, கம்பியூட்டரா என்பது பிறகுதான் தெரியும். லப்டொப்போ அதற்கு முதலே வாங்கியாயிற்று. புத்தி சொல்லும் சீனியர்மாரும் தங்கட டிபார்ட்மென்டில் நின்றுதான் சொல்லுவினம். சிவில் அண்ணாவுக்கு ஓட்டோகாட் இல்லாமல் உலகம் இல்லை. கம்பியூட்டர் அண்ணாவோ உபுண்டு போடாதவனை மனிசனாகவே மதிக்க மாட்டார். (இந்த இரண்டாவது வகை அண்ணாமாரோடு இரவு பத்து மணிக்குப் பிறகு கதைக்க வேண்டாம். விடிஞ்சிடும்.)

உண்மையில் இதைத் தீர்மானிப்பது ரசனை இல்லை, விரிவுரையாளர் கேட்கிற ஃபைல். ஓட்டோகாட் விண்டோஸிலும் மக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு அது வெளிவருவதில்லை. சொலிட்வேர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும்தான். மட்லாப் மூன்றிலும் ஓடும். 2020இல் வந்த எம்1 சிப்புக்குப் பிறகு வரும் மக்குகளில் முன்புபோல பூட் காம்ப் வைத்து விண்டோஸ் போட முடியாது. ஆகவே டிபார்ட்மென்ட் தெரியாத ஆளுக்கு மக் வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. எங்கட பக்கமும் இதே கதைதான்: பாமினியில் அடித்த அசைன்மென்டை அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துத்தான் தெரியும். என்ன செய்தாலும் வாங்குகிறவர் திறக்கக்கூடியதைத்தான் குடுக்க வேண்டியிருக்கு.

அப்படியென்றால் விண்டோஸ்தானா? தொடங்க அதுதான் சரி. ஆனால் கிராக் வேண்டாம். "அன்டிவைரஸை ஓஃப் பண்ணிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணு" என்கிற அந்த ஒரு வரியே போதாதா பயப்பட? ஓட்டோடெஸ்க் மாணவர்களுக்குத் தன் மென்பொருட்களை இலவசமாகவே தருகிறது, வருடா வருடம் புதுப்பித்தால் சரி. இது தெரியாமலே பென் ட்ரைவில் கைமாறிக் கைமாறி வைரஸோடு ஓட்டோகாட் போடுகிற ஆட்கள் இன்னும் இருக்கினம்.

பழைய லப்டொப் கைமாறி வந்தவர்களின் பாடு வேறு. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கும், பழைய புரொசசர்கள் பலவற்றை ஏற்றுக்கொள்ளாது. மெசின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் குப்பை என்று சொல்கிற கதை இது. புதுசு வாங்க வழியில்லாத வீட்டுக்கு லினக்ஸ் உண்மையிலேயே கைகொடுக்கிற இடம் இதுதான். அப்படியானவர்கள் ஓட்டோகாட் வேலையை மட்டும் பீடத்து லாபில் பார்த்துக்கொள்ளலாம்.

லினக்ஸைத் தொடங்கியதும் ஒரு கம்பஸ் பெடியன்தான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது 21 வயது. எங்கட அன்ட்ரொயிட் போனுக்குள்ளயும் இருப்பது அவர் தொடங்கிய கேர்னல்தான். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய எங்கள் நாட்டு மென்பொருள் ஆட்கள் எழுதிய 'சஹானா'வும் திறந்த மூல மென்பொருள்தான். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் அது பயன்பட்டது. யாரிடமும் லைசன்ஸ் கேட்டு நிற்கத் தேவையிருக்கவில்லை. கம்பியூட்டர் அண்ணா விடியவிடியக் கதைக்கிறதில் ஞாயம் இல்லாமல் இல்லை.

இப்போதைக்கு விண்டோஸை வைத்துக்கொண்டு, டிஸ்கில் ஒரு துண்டை லினக்ஸுக்கு விட்டுவையுங்கோ. டிபார்ட்மென்ட் கிடைத்த பிறகு எது கூட வேணும் என்று பாப்பம். அதுவரை இன்ஸ்டோல் பண்ணாமலே உபுண்டுவை பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், 16 ஜிபி ஒன்று காணும். இரவல் தர எங்களிட்ட ஒன்று இருக்கு. உபுண்டு ஏத்தேக்க அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், அதால முதல்ல எங்கட நோட்ஸை எங்கயாவது கொப்பி பண்ணி வையுங்கோ.