முகப்பு ஊருக்குச் சொந்தம்

பாரிஸின் மரே பகுதியில் குறுகலான தெருக்களில் நடந்து ஒரு வளைவைக் கடந்தால், சட்டென்று வானம் அகலமாகிறது. பக்கத்துக்கு 140 மீட்டர் நீளமுள்ள சதுரம். சுற்றிலும் 36 வீடுகள்: சிவப்புச் செங்கல், ஓரங்களில் வெளிர் நிறக் கல், மேலே செங்குத்தான ஸ்லேட் கூரை. அதுதான் பிளாஸ் தெ வோஜ். நகரத்தில் சேர்ந்து வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால், இந்த இடத்தைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

1605இல் நான்காம் ஹென்றி மன்னர் போட்ட திட்டம் இது. மனைகளைப் பெயரளவு வாடகைக்கே கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: சதுக்கத்தைப் பார்க்கும் முகப்பு, அரசு கொடுத்த வரைபடத்தின்படியே இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் முற்றமோ தோட்டமோ மாடியோ, அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ளலாம். வடக்குப் பக்கத்தில் முதலில் பட்டுத் தொழிற்கூடம் வந்தது. அது நிலைக்காமல் போனதும் அங்கேயும் இதே வீட்டு வரிசை எழுந்தது. தெற்கே ராஜாவின் பெயரிலும் வடக்கே ராணியின் பெயரிலும் உள்ள இரண்டு மாளிகைகள் மட்டும் சற்றே தலைதூக்கி நிற்கின்றன. 1610இல் மன்னர் கொலையுண்டார். சதுக்கம் முடிந்தது 1612இல்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது தரைத்தளம். ஒவ்வொரு வீட்டின் அடியிலும் நான்கு வளைவுகள். அவற்றுக்குள் வழிப்போக்கர்களுக்கான நடை. தூறல் விழுந்தபோது அதற்குள் ஒதுங்கி, ஒரு பக்கம் முழுவதையும் நனையாமல் நடந்தேன். தலைக்கு மேலே யார் யாருடைய வீடுகளோ. காலடியில் எல்லோருக்கும் வழி. எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1832 முதல் 1848 வரை குடியிருந்த 6ஆம் எண் வீடும் அந்த வரிசையில் ஒன்றுதான். புகழ்பெற்றவர் வீடு என்பதற்காக முகப்பின் அமைப்பு வேறுபடவில்லை.

சில சுவர்களை நெருங்கிப் பார்த்தால் அது செங்கல்லே அல்ல. சுண்ணப் பூச்சின் மேல் செங்கல்போல் கோடு போட்டு வண்ணம் தீட்டியது. நிஜச் செங்கல் வைக்காதவர்கூட வரிசையைக் குலைக்கவில்லை.

பின்னாளில் மரே நலிந்தது. மாளிகைகள் பட்டறைகளாயின. பழைய நகரப் பகுதிகளை முழுமையாகக் காக்கும் மால்ரோ சட்டம் 1962இல் வந்த பிறகே அந்தப் பகுதி மீண்டது. சதுக்கம் ஒருவருடைய சொத்தல்ல என்பதை அரசும் அப்போது ஏற்றுக்கொண்டது.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உள்ளே உங்கள் ஆசைப்படி கட்டுங்கள். தெருவைப் பார்க்கும் சுவரை மட்டும் பக்கத்து வீட்டையும் நடந்து போகிறவரையும் நினைத்து எழுப்புங்கள். அதைத் தினமும் பார்க்கப்போவது அவர்கள்தான்.