மழைநாளின் நுரைத்தொட்டில்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மாத்தளைத் தோட்டங்களில் ஒரு கேள்வி எழுவதை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். கிணற்றின்மேல் சாய்ந்த கிளையில் வெண்ணுரைக் கட்டியொன்று தொங்கும். ஒற்றையடிப் பாதையோரம் பச்சை வழும்பு பரந்து கிடக்கும். இவை யாவை? பேயின் எச்சில் என்பார் சிலர். நஞ்சென்று மண்ணெண்ணெய் ஊற்றுவார் சிலர். சற்றே நின்று நோக்கினால் உண்மை விளங்கும்.

நீரின்மேல் தொங்கும் நுரை, மரத்தவளையின் கூடு. தாய்த்தவளை தன் உடலில் சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் கடைந்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து ஓடுபோலாகி, உள்ளே ஈரத்தைக் காக்கும். சில நாள்களில் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுந்து நீந்தும்.

குட்டை நீரில், சர்பத்தில் ஊறிய கசகசாப்போல் கரும்புள்ளியுடன் மிதப்பனவும் தவளை முட்டைகளே.

தரையில் கிடப்பது பெரும்பாலும் 'நொஸ்டொக்' என்னும் நீலப்பச்சைப் பாசி. வெயிலில் கருஞ்சருகாய்ச் சுருங்கும். மழையில் மீண்டும் பருக்கும். விண்மீன் சிந்தியதென ஐரோப்பியர் முன்னாளில் நம்பிய இது, காற்றின் நைதரசனை மண்ணுக்கு உரமாக்குகிறது.

2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் நம் நக்கிள்ஸ் மலையும் அடங்கும். அம்மலையன்றி வேறெங்கும் வாழாத தவளைகளும் அங்குண்டு. இலங்கைத் தவளையினங்கள் பல இன்று அழிவை எதிர்நோக்குகின்றன.

நுரைக்கூடு குடிநீர்த் தொட்டியின் மேலிருந்தால், கிளையோடு வெட்டிக் குட்டையின்மேல் கட்டிவிடலாம். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுமுன், பிள்ளைகளை அழைத்து அதைக் காட்டுவோமாக.