எத்தனை மணிக்கு வரட்டும்?

நேற்று ராத்திரி தூக்கத்தில் எத்தனை தடவை புரண்டு படுத்தீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்! கை மரத்துப்போனால் திரும்பிப் படுக்கிறோம். கொசு கடித்தால் தட்டுகிறோம். போர்வை நழுவினால் இழுத்துக்கொள்கிறோம். எல்லாம் தூக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதற்குக் கணக்கு இருக்கிறது. ராத்திரிக்கு ஐந்து தடவை. பையனுக்குப் பதினாறு வயசு. தானாகப் புரள முடியாது. அம்மாதான் எழுந்து வந்து புரட்டிவிட வேண்டும். அப்பா ரிக் வண்டியில் போர் போடப் போயிருக்கிறார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு வர மாசக்கணக்கில் ஆகும்.

“பாதி நாளு அவன் கூப்பிடறதே இல்லீங்க. அம்மா தூங்கட்டும்னு வலியப் பொறுத்துக்கிட்டுக் கெடப்பான். அதனால நானே முழிச்சு முழிச்சுப் பாத்துக்குவேனுங்க” என்றார் அந்த அம்மா. ஒருவர் தூக்கத்துக்காக ஒருவர் விழித்திருக்கிறார்கள்.

நோயின் பெயர் டூஷேன் தசைச்சிதைவு. ‘மஸ்குலர் டிஸ்ட்ரோபி’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பல வகை உண்டு, இது ஒன்று. நம் தசைகளில் டிஸ்ட்ரோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. லாரிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

நாலைந்து வயசில் பையன் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரியும். “பயில்வான் கால்டா உனக்கு!” என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். பன்னிரண்டு வயசுக்குள் பெரும்பாலும் வீல்சேர் வந்துவிடும். பிறகு கை, அதற்கப்புறம் மூச்சு, இதயம்.

இது மரபணுவில் வரும் கோளாறு. தாய் வழியாக மகனுக்கு வருவது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் ஊரில் எத்தனை பெண்களைக் குத்திக் கிழித்திருக்கிறார்கள் தெரியுமா? “உன் வழியிலதான் வந்துச்சு.” ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அம்மாவிடம் அந்தக் கோளாறே இருப்பதில்லை; பிள்ளையிடம் புதிதாக உண்டாகிறது. அம்மாவிடம் இருந்தாலும் அவர் என்ன, கடையில் பார்த்தா வாங்கி வந்தார்? அவருக்கும் தங்கைக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்துக்கு அது உதவும். பழி எதற்கும் உதவாது.

“ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று கைவிரித்துவிடுவதும் நடக்கிறது. குணப்படுத்த முடியாதுதான். ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்து நடக்கும் காலத்தைச் சில வருஷங்கள் நீட்டித் தருகிறது. பிசியோதெரபி மூட்டு மடங்கி இறுகாமல் காக்கிறது. இதயத்தை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டு, தேவைப்படும்போது ராத்திரி மூச்சுக்கு மெஷின் வைத்தால், இருபதுகளையும் முப்பதுகளையும் பார்க்கிறார்கள்.

சேலத்துச் சகோதரிகள் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி இருவரையும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருவருக்குமே தசைச்சிதைவு நோய். பெண்களுக்கும் வருகிற வகைகள் உண்டு. தாங்களே பிறர் துணையோடு வாழ்ந்துகொண்டு, தங்களைப் போன்றவர்களுக்காக ‘ஆதவ் அறக்கட்டளை’யைத் தொடங்கினார்கள். 2017-ல் மாதேவி காலமானார். இந்த நோய்க்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று வெளியிலிருந்து யாரும் வந்து அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரியில் புரட்டிவிட ஒரு கை வேண்டும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள்.

நமக்கு இரக்கம் இல்லை என்று சொல்லவே மாட்டேன். 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய். ஊசி ஒன்று 16 கோடி ரூபாய். முகம் தெரியாத ஜனங்கள் பணத்தைக் கொட்டினார்கள். மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அதே வருஷம் அரிய நோய்களுக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. அடுத்த வருஷம், தேர்ந்தெடுத்த மருத்துவமனைகள் வழியே ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றானது. எல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் ஊசி ஒரு நாளில் போட்டு முடிந்துவிடும். இந்த அம்மாவின் ராத்திரி முடியாது. அதற்கு யாரும் உண்டியல் வைப்பதில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் பையனோடு உட்காருங்கள். அந்த அம்மா கொஞ்சம் தூங்கட்டும். தூக்கும் முறையை முதலில் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் நழுவிவிடும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக்கொடுக்க வண்டியில் அழைத்துப் போங்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு நோயும் இருக்கிறது. பராமரிப்பு உதவித்தொகை, பேட்டரி வீல்சேர் எல்லாம் அரசாங்கம் தருகிறது. ஆனால் படியேறிப் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டுமே! நீங்கள் வாத்தியாராக இருந்தால் பத்தாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பையன் படிப்பை நிறுத்தாமல் இருக்க அது போதும்.

தயவுசெய்து பையனை வைத்துக்கொண்டே “டாக்டர் எத்தனை வருஷம்னு சொல்லியிருக்காரு?” என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கு அசைய முடியாதே தவிர, காது நன்றாகக் கேட்கும். தோனியைப் பற்றிப் பேசுங்கள். சண்டை போடக்கூட அவனிடம் விஷயம் இருக்கும்.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு வீடு இருக்கலாம். போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவதில் தப்பில்லை. ஆனால் கிளம்பும்போது “ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள். “அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று கேளுங்கள்.